நீலத்தின் மேல் சிவப்பு

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டும் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் பசையைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு நூலைப் பற்றி. மூன்றாவது, அநேகமாகச் சண்டைதான். கட்டி முடித்த கப்பலுக்கு வண்ணம் பூசலாமா, கூடாதா என்கிற சண்டை. நான் பழகியவர்களில் பூசக்கூடாது என்பவர்களே அதிகம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும், எண்ணெயோ மெல்லிய வார்னிஷோ போதும், பெயிண்ட் என்பது பிளாஸ்டிக் பொம்மைகளுக்கானது என்பது அவர்கள் வாதம். நானும் சில காலம் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். இன்று இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இதில் என்னுடைய அவமானமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. நான் கட்டிய வாசா கப்பலுக்குத் தவறான நிறத்தைப் பூசி, பல வருடங்கள் கூடத்தில் வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெருமையோடு காட்டியவன் நான்.

*

இந்த வேலையில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். கிட் என்ற பெயரில் பெட்டிக்குள் வருவதைப் பார்த்தால் கப்பலின் ஞாபகமே வராது. ஒரு கட்டு மரப்பட்டைகள், வெட்டிய பிளைவுட் துண்டுகள், உலோக வார்ப்புகள், நூற்கண்டுகள், மடித்த வரைபடங்கள், அவ்வளவுதான். முதலில் கப்பலின் முதுகெலும்பைக் கட்ட வேண்டும். நம் கடலோரங்களில் ஏரா என்று சொல்லும் அடிமரத்துக்கு ஈடாக, பிளைவுட்டில் நீளமான ஒரு துண்டு இருக்கும். அதன் பள்ளங்களில் குறுக்குச் சட்டங்களைச் செருகி ஒட்டினால், தின்று முடித்த மீனின் முள்ளைப் போல ஒரு கூடு கிடைக்கும். பலகைகள் சீராகப் படியும் கோணத்துக்குச் சட்டங்களின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்ப்பது அடுத்த வேலை. இதில் அவசரப்பட்டவருடைய கப்பல் கடைசிவரை கோணலாகவே இருக்கும்.

அதற்கப்புறம் பலகையிடுதல். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, சட்டங்களின்மேல் ஒட்டுகிறோம். கப்பலின் வயிற்றுச் சுற்றளவும் அணியத்தின், அதாவது முன்முனையின், சுற்றளவும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே முனையை நெருங்க நெருங்க ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் சீவிக் குறைக்க வேண்டும். சீவாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இந்த முதல் அடுக்கு முடிந்ததும், அதன் மேல் அரை மில்லிமீட்டர் வால்நட் பட்டைகளால் இரண்டாவது அடுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டுமே நம்பிய எனக்கு இதுவரை வந்து சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசி உப்புத்தாளை ஓட்டி, தூசியைத் துடைத்து, முதல் தடவை எண்ணெய்த் துணியால் தொடும்போது அந்த வால்நட் சட்டென்று இருண்டு உள்ளிருந்து ஒளிவிடும். அதைப் பார்த்தவருக்குப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் கை எழாது. வெற்று மரக் கட்சிக்காரர்களின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு வருட உழைப்பை, அதுவும் இவ்வளவு அழகான ஒன்றை, எதற்காக மூட வேண்டும்? இந்தத் தயக்கத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

*

வாசாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சுவீடனின் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் ஆணையில் கட்டப்பட்ட, 64 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. சுமார் 1300 மீட்டர் போயிருக்கும், ஒரு காற்று வீச்சில் சாய்ந்தது. திறந்து கிடந்த கீழ்வரிசைப் பீரங்கி வாசல்கள் வழியே நீர் உள்ளே பாய, கரையில் கூடி நின்ற ஊரின் கண்முன்னாலேயே மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். மேல்பாகத்தின் கனம் அதிகம். அடியில் ஏற்றியிருந்த கற்பாரம் அதை ஈடுகட்டப் போதவில்லை.

மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு, உப்புக் குறைந்த பால்டிக் நீரில் வாழ்வதில்லை. அந்த ஒரு காரணத்தால் வாசா அழியாமல் கிடந்தது. ஆண்டர்ஸ் ஃபிரான்ஸேன் 1956இல் அதைக் கண்டுபிடித்தார். மூழ்கி 333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24 அன்று அது மீண்டும் நீருக்கு மேலே வந்தது. உலரும்போது மரம் சுருங்கி வெடித்துவிடாதபடி, 1962 முதல் 1979 வரை பாலிஎத்திலீன் கிளைகாலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெதுவாக உலர்த்தினார்கள். அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகம் 1990இல் திறந்தது.

அங்கே பார்வையாளர் காண்பது ஒரு கரிய கப்பல். நூற்றாண்டுக் கணக்கில் இரும்புத் துருவோடு ஊறிக் கிடந்த ஓக் மரம் கறுத்துவிட்டது. மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கருமைக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. புகைப்படத்தில் பார்த்தாலே மனம் அடங்கிப் போகும். ஆனால் அது சேற்றிலே கிடந்த காலம் கொடுத்த நிறம். பாய் விரித்துப் போன அந்த ஒரு நாளில் வாசாவுக்கு அந்த நிறம் கிடையாது.

கப்பலில் மொத்தம் சுமார் 700 சிற்பங்களும் அலங்கார வேலைகளும் உண்டு. அணியத்தில் பாயும் சிங்கம் மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் நீளம். அந்த முன்பகுதியிலேயே தைபீரியஸ் தொடங்கிச் செப்டிமியஸ் செவெரஸ் வரை ரோமானியப் பேரரசர்கள் இருபது பேர். வரிசையில் முதலில் இருக்க வேண்டிய அகஸ்டஸ் மட்டும் இல்லை. அந்த இடம் குஸ்தாவ் அடால்ஃபுக்கு உரியது என்று விளக்குகிறார்கள். பின்புறத்தின் உச்சியில், இளம் அரசரின் தலைக்கு மேலே கிரிஃபின்கள் இரண்டு முடியைத் தாங்கி நிற்கின்றன. பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒருசேர வாசித்துக் காட்டப்பட்ட ஒரு மெய்க்கீர்த்தி என்றே இதைச் சொல்லலாம். கல்வெட்டுக்குப் பதில் ஓக் மரம், எழுத்துக்குப் பதில் உருவமும் நிறமும்.

என்ன நிறம் என்பதில்தான் எல்லோரும் தவறினார்கள். சிற்பங்களைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருவேறி உதிர்ந்தபோது, பல சிற்பங்கள் கழன்று சேற்றில் விழுந்து புதைந்தன. அவற்றை எடுத்தபோது கண்ணுக்குத் தெரிந்த வண்ணம் மிகக் குறைவு. பின்னணி நீலம், சிற்பங்கள் ஏறக்குறைய முழுவதும் பொன்முலாம் என்ற எண்ணம் நிலைபெற்றது. இன்றைய சுவீடன் கொடியின் நீலமும் மஞ்சளும் அந்த எண்ணத்துக்குத் துணைபோயிருக்கலாம்; இது என் ஊகம் மட்டுமே. 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வரையப்பட்ட பல படங்களில், பியோர்ன் லாண்ட்ஸ்ட்ரோமின் உயிர்ப்புள்ள சித்திரங்கள் உட்பட, வாசா நீலமும் பொன்னுமாகத்தான் மிதக்கிறது. பிறகு, செதுக்கலின் மடிப்புகளிலும் குழிகளிலும் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். 1990களின் பிற்பகுதிக்குள் பழைய கருத்து கைவிடப்பட்டது. பின்புறத்தின் பின்னணி சிவப்பு, மேல்தளத்தின் பக்கச் சுவர்கள் சிவப்பு, மாடங்களின் கூரைகளும் சிவப்பு. சிற்பங்களோ பல வண்ணங்களில் பளிச்சிட்டிருக்கின்றன. பொன் தகடு சில இடங்களை மட்டும் எடுத்துக்காட்டியிருக்கிறது. இந்த நிறங்களோடு செய்யப்பட்ட 1:10 அளவிலான மாதிரி, ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், அருங்காட்சியகத்தில் அந்தக் கரிய அசலோடு நிற்கிறது.

*

என்னுடைய கிட் பழையது. பெட்டியின் மேல் படத்தில் நீலம், செய்முறைத் தாளில் நீலம். நானும் நீலத்தையே பூசினேன். 1:75 அளவு. கப்பல் 92 சென்டிமீட்டர், சிங்கம் நான்கு சென்டிமீட்டர், ஆள் உயரச் சிற்பம் என்றால் இரண்டேகால் சென்டிமீட்டர். பொன்னிறத்தை ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்த இரவுகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பின்னாளில் அந்த 1:10 மாதிரியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். இதென்ன, திருவிழாத் தேர் மாதிரி? சிவப்புச் சுவரில் பச்சையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் மனிதர்கள்! என் நீலத்தின் கௌரவம் எங்கே, இது எங்கே?

அன்றைக்கே வெற்று மரக் கட்சியில் சேர்ந்தேன். பூசாமல் விட்டிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காதே என்பதுதான் என் தர்க்கம். மரம் பொய் சொல்லாது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மரமும் பொய் சொல்லும் என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:75 அளவில், மாதிரியின் பலகையில் தெரியும் ஒரு மில்லிமீட்டர் ரேகை, அசல் கப்பலில் ஏழரை சென்டிமீட்டர் அகலமாகிறது. அப்படி ஒரு மரம் உலகத்தில் எந்தக் காட்டிலும் வளர்ந்ததில்லை. அசல் ஓக், நாம் ஒட்டுவது வால்நட். எண்ணெய் மினுக்கத்தோடு நிற்கும் அந்தப் பழுப்புக் கப்பல் எந்தக் கடலிலும் எந்த நாளிலும் மிதந்ததில்லை. அதைச் செய்தவருடைய பொறுமைக்கு அது சாட்சி, சந்தேகமில்லை. கப்பலுக்குச் சாட்சியாகாது. நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று அது பாவனை செய்கிறது. பார்ப்பவர் மனதிலோ ‘பழங்காலக் கப்பல் என்றால் பழுப்பு’ என்று பதிந்துவிடுகிறது. என் நீலம் தவறுதான். ஆனால் ஆதாரம் வந்தபோது அதைத் தவறு என்று காட்ட முடிந்தது. பழுப்பு அந்த விசாரணைக்கே வருவதில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘நேவி போர்டு’ மாதிரிகள் மரத்தின் நிறத்தில்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். பெரும்பாலும் 1:48 அளவில் செய்யப்பட்டவை. கிரீனிச்சிலும் அன்னாபொலிசிலும் இன்றும் பார்க்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே பலகையே இடாமல் விலாச் சட்டங்கள் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். இந்தக் கலையில் அவற்றைவிட உயர்ந்தவை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே மரத்தைத் திறந்து வைத்ததன் வேலை வேறு. கப்பலின் வடிவத்தையும் கட்டுமானத்தையும் கண்ணுக்குக் காட்டுவதற்காக அப்படிச் செய்தார்கள். அதே மாதிரிகளின் மேல்பாகத்தைப் பாருங்கள். அலங்காரப் பட்டைகளில் வண்ணச் சித்திரம், பின்புறச் செதுக்கல்களில் பொன். எதைக் காட்ட வேண்டுமோ அதைத் திறந்தார்கள், எதற்கு வண்ணம் உண்டோ அதற்குப் பூசினார்கள். கட்டுமானத்தைக் காட்டும் நோக்கத்தோடு ஒருவர் சட்டங்களைத் திறந்து வைத்தால் என் வாதம் அவரைத் தொடாது. முழுக்கப் பலகையிட்டு, பாய்மரம் நாட்டி, பாயும் கயிறும் கட்டிக் கடலுக்குப் போகும் கோலத்தில் நிறுத்திவிட்டு, நிறத்தை மட்டும் நிறுத்திவைப்பவரிடம்தான் என் கேள்வி.

ரசனையின் பேரில் வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. அந்த நிறங்கள் அசிங்கமாக இருக்கின்றனவே? இதை நாம் கேட்பதுதான் வேடிக்கை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதுப்பித்து வண்ணம் தீட்டும் ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். ‘கண்ணைப் பறிக்கிறது’ என்று அங்கேயும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வெயிலில் வெளுத்துப் பாசி படர்ந்த கோபுரமே அழகு என்று புகைப்படம் எடுக்கிறவர்கள் உண்டு. நானும் எடுத்திருக்கிறேன். பழையது என்றால் மங்கியிருக்க வேண்டும் என்பது பிற்காலத்தவரான நம்முடைய ருசி. அதைச் செய்தவர்களுக்கு அது புத்தம் புதியது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், யார் எவர் என்று அடையாளம் பிரிய வேண்டும், பார்த்தவன் மலைக்க வேண்டும். கோபுரத்துக்கும் கப்பலின் பின்புறத்துக்கும் வண்ணத்தின் வேலை இந்த அளவில் ஒன்றுதான். 1628இன் ஸ்டாக்ஹோம்வாசி என் நீலக் கப்பலைப் பார்த்திருந்தால், வேலை முடிவதற்குள் யாரோ சிவப்பைத் தீர்த்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

‘பெயிண்ட் செதுக்கலை மூடிவிடும்’ என்பது மூன்றாவது மறுப்பு. தடிமனாக அப்பினால் மூடத்தான் செய்யும். அக்ரிலிக்கைப் பால் போல நீர்க்கக் கரைத்து, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டு, ஐந்தாறு தடவை கொடுத்தால் பலகைகளின் இடைக்கோடுகள்கூட மறையாது. நிறத்தை டப்பாவில் இருக்கிறபடியே எடுக்கவும் கூடாது. ஒரு கப்பலைத் தொலைவில் நின்று பார்க்கும்போது இடையிலுள்ள காற்று அதன் நிறத்தைச் சற்று வெளிறச் செய்கிறது. ஆகவே சிறிய மாதிரிக்குச் சிவப்பில் துளி வெள்ளையோ சாம்பலோ கலக்க வேண்டும். பளபளப்பு அறவே ஆகாது. இந்த இரண்டையும் கவனிக்காத மாதிரிகளைப் பார்த்துத்தான் பலர் பெயிண்ட்டையே வெறுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

*

மிஞ்சுவது ஒரே ஒரு பயம். நாளைக்கு இந்தச் சிவப்பும் தவறு என்று ஆகிவிட்டால்?

ஆகலாம். இதைவிடப் புகழ்பெற்ற கப்பலுக்கே ஆகியிருக்கிறது. 1765இல் வெள்ளோட்டம் கண்டு, 1805இல் டிராஃபல்கர் போரில் நெல்சனைச் சுமந்த விக்டரி, 1922 முதல் போர்ட்ஸ்மத்தின் உலர்துறையில் நிற்கிறது. கறுப்புப் பட்டையும் ஆரஞ்சு சாயலுள்ள மஞ்சள் பட்டையுமாக அதைப் பார்த்துப் பார்த்து, உலகமெங்கும் மாதிரி கட்டுபவர்கள் அந்த மஞ்சளைக் கலக்கக் கற்றார்கள். அதன் பக்கங்களில் படிந்திருந்த வண்ண அடுக்குகளை ஆய்வாளர்கள் குறுக்குவெட்டாக எடுத்து எண்ணினார்கள். 72 அடுக்குகள். அதற்குள்ளே டிராஃபல்கர் காலத்து அடுக்கைத் தேடிப் பிடித்தபோது, அது வெளிறிய, இளஞ்சிவப்பு கலந்த ஒரு நிறமாக இருந்தது. 2015இல் விக்டரிக்கு அந்த நிறத்தையே பூசினார்கள். எத்தனையோ வீடுகளின் கண்ணாடிப் பேழைகளுக்குள் நின்ற மஞ்சள் விக்டரிகள் ஒரே வருடத்தில் தவறாகிப் போயின.

இந்தச் செய்தி எனக்கு ஆறுதல் தந்தது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பிழை செய்தவர்கள் வேறு பலரும் உண்டு என்ற ஆறுதலைச் சொல்லவில்லை. அந்த 72 அடுக்குகளைத்தான் சொல்கிறேன். பழையது தவறு, அழகில்லை என்று யாரேனும் ஒருவர் மரம் தெரியும்வரை முற்றிலும் சுரண்டியிருந்தால் 1805இன் நிறம் அந்த இடத்தில் நமக்குக் கிடைத்திருக்காது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சரியென்று பட்டதை முந்தியதன் மேல் பூசிற்று. பூசியவர்கள் எல்லோரும் சரியாகப் பூசினார்கள் என்று இல்லை. ஆனால் அவர்கள் பூசியதால்தான் நம்மால் திருத்திக்கொள்ள முடிந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். மாதிரிக் கப்பலுக்கு வண்ணம் பூசுங்கள். இன்று கிடைக்கும் ஆதாரம் எந்த நிறத்தைச் சொல்கிறதோ அதைப் பூசுங்கள், அது உங்கள் ருசிக்கு ஒவ்வாவிட்டாலும். ஆதாரம் இல்லாத இடத்தில் ஊகித்துப் பூசுங்கள். எது ஆதாரம், எது ஊகம் என்பதை எழுதி வையுங்கள். இந்தக் கடைசி வேலையை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. அருங்காட்சியகத்துக்கு மட்டும்தானா குறிப்பேடு வேண்டும்? நம் கப்பலும் நமக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய மேசைக்குத்தான் போகப்போகிறது.

*

என் வாசாவைக் கண்ணாடிப் பேழையிலிருந்து இறக்கினேன். சிற்பங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தின்னரில் ஊறவைத்துப் பழைய பொன்னை நீக்கினேன். இரண்டு சென்டிமீட்டர் முகம் இரண்டு கனம் பெயிண்ட்டைத் தாங்காது. மூக்கும் வாயும் மூடிப்போகும். அந்த மட்டில் நான் போதிப்பதையே மீறினேன். கழற்றும்போது பேரரசர் ஒருவரின் கை ஒடிந்தது. பின்புறப் பலகைகளை மட்டும் சுரண்டவில்லை. நீலத்தை உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு, அதன் மேலேயே சிவப்பைக் கொடுத்தேன். முதல் பூச்சில் ஊதா மாதிரி ஏதோ ஒன்றாகிப் பயமுறுத்திற்று. நான்காவதில் அடங்கி, ஆறாவதில் சிவப்பாயிற்று.

சுக்கானுக்குப் பக்கத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், விரல்நகம் அளவுக்கு நீலத்தை அப்படியே விட்டிருக்கிறேன். கப்பல் நிற்கும் பலகையின் அடியில் பென்சிலால் மூன்று வரிகள் எழுதியாயிற்று. நீலம், பெட்டிப் படத்தை நம்பிப் பூசியது. சிவப்பு, வண்ணத் துகள் ஆய்வை நம்பிப் பூசியது. பேரரசர்களின் அங்கிகளில் சில, என் ஊகம்.

அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.